தசையின் உடும்புப் பிடி: விடுவதற்குத்தான் செலவு

இறந்த உடலில் 2, 3 மணி நேரத்தில் இமைகளும் தாடையும் இறுக ஆரம்பிக்கும். அப்புறம் கழுத்து, கை, கால் என்று வரிசையாகத் தெரியவரும். சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுவதும் கட்டையாகிவிடும். அதன் பிறகு ஒரு நாள், ஒன்றரை நாளில் தானாகவே தளரும். பிரேதப் பரிசோதனை செய்பவர்கள் இறந்த நேரத்தைக் கணிக்க இதையும் ஒரு தடயமாக வைத்துக்கொள்வார்கள். வெக்கையில் எல்லாமே சீக்கிரம் நடந்து முடியும், குளிரில் இழுத்துக்கொண்டே போகும். அதனால் இதை மட்டும் நம்பி யாரும் நேரம் சொல்ல மாட்டார்கள்.

உயிர் போனால் தசை தொய்ந்துதானே கிடக்க வேண்டும்? முதல் ஓரிரு மணி நேரம் அப்படித்தான் கிடக்கிறது. பிறகுதான், கட்டளையிட மூளையும் இல்லாமல் நரம்பும் இல்லாமல், இறுகுகிறது. இது ஏன் என்று ஒருமுறை விளங்கிவிட்டால் தசையைப் பற்றிய பாடத்தில் பாதி முடிந்த மாதிரி. சக்தி செலவாவது இழுப்பதற்கு என்றே நினைத்துப் பழகியிருக்கிறோம். தசையைப் பொறுத்தவரை பிடித்த பிடியை விடுவதற்கும் காசு கொடுத்தாக வேண்டும். கையிருப்பு தீர்ந்தால் பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும்.

எலும்புத்தசை, இதயத்தசை, ரத்தக்குழாய், கருப்பை போன்றவற்றின் சுவரில் இருக்கும் மென்தசை என்று மூன்று வகை. முதலாவது நம் சொல்பேச்சு கேட்கும், மற்ற இரண்டும் கேட்காது. முதல் இரண்டில் வரிகள் உண்டு, மூன்றாவதில் இல்லை. பள்ளிக்கூட அட்டவணை இவ்வளவுதான். தப்பில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த நோயையும் புரிந்துகொள்ள முடியாது. மூன்றிலும் உள்ளே இருக்கும் யந்திரம் ஒன்றுதான்: ஆக்டின், மயோசின் என்ற இரண்டு புரதங்கள், இரண்டையும் முடுக்கிவிடக் கால்சியம். கால்சியம் எங்கிருந்து வருகிறது, வேலை முடிந்ததும் யார் அதை வெளியேற்றுகிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன.

கயிற்றுக்குள் கயிறு

எலும்புத்தசைகள் உடலில் 600க்கு மேல். உடல் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் இவைதான். ஒரு தசையைக் குறுக்கே வெட்டினால் வெளியே ஒரு தடித்த உறை. அதற்குள் கற்றை கற்றையாகப் பிரித்துக் கட்டும் இன்னொரு உறை. கற்றைக்குள் ஒவ்வொரு நாரையும் தனித்தனியாகச் சுற்றிய மெல்லிய மூன்றாவது உறை. இந்த மூன்று உறைகளும் தசையின் முனையில் ஒன்றுகூடித்தான் தசைநாண் ஆகி எலும்பில் போய் ஒட்டுகின்றன. இழுவிசை எலும்பைச் சேருவது இந்த வழியாகத்தான்.

இங்கே சொல் சம்பந்தமாக ஒரு புலம்பல். தமிழில் ‘தசைநார்’ என்ற ஒரே சொல்லைத் தசைக்குள் இருக்கும் நாருக்கும், தசையை எலும்போடு இணைக்கும் நாணுக்கும், எலும்பை எலும்போடு இணைக்கும் பிணையத்துக்கும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். ‘விளையாட்டு வீரருக்குத் தசைநார் கிழிந்தது’ என்ற செய்தியிலிருந்து மூன்றில் எது கிழிந்தது என்று சொல்ல முடியாது. ஆறும் காலமோ மூன்றுக்கும் வேறுவேறு. நார் கிழிந்தால் ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் வாரக்கணக்கில் ஆறும். நாணுக்கும் பிணையத்துக்கும் ரத்தம் குறைவு, மாதக்கணக்கில் இழுக்கும். இந்தக் கட்டுரையில் நார் என்றால் தசைக்குள் இருக்கும் நார் மட்டுமே.

முன்கையிலும் கெண்டைக்காலிலும் தசைக் கூட்டங்களைச் சுற்றி இன்னும் ஒரு தடித்த உறை இருக்கிறது. அது நீளாது. எலும்பு முறிந்தோ நசுங்கியோ உள்ளே வீங்கினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி நுண்குழாய்களில் ரத்தம் நின்றுவிடும். அடிபட்ட அளவுக்குப் பொருந்தாத கொடூரமான வலியும், விரல்களை நாம் பிடித்து நீட்டிவிடும்போது அந்த வலி உச்சத்துக்குப் போவதும் முதல் அறிகுறிகள். நாடி துடிக்கிறதே என்று சமாதானப்பட்டுவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. நுண்குழாய் அடைபடும் அழுத்தத்தில் பெரிய தமனி சாவகாசமாக ஓடிக்கொண்டிருக்கும். மாவுக்கட்டு இருந்தால் உடனே முழு நீளத்துக்கும் பிளக்க வேண்டும். அப்படியும் அடங்காவிட்டால் உறையைக் கத்தியால் திறந்துவிட வேண்டும். சுமார் 6 மணி நேரம் தாண்டினால் உள்ளே இருக்கும் தசை மீள்வது கடினம்.

நார் என்பது ஒரே செல். கருவில் பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உருவானதால் ஒரே நாரில் நூற்றுக்கணக்கில் உட்கருக்கள் இருக்கும், எல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டபடி. தடிமன் 10 முதல் 100 மைக்ரோமீட்டர். நீளம் பல சென்டிமீட்டர் வரை போகும். பயிற்சி செய்தால் நார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை, இருக்கிற நார்தான் தடிக்கிறது. நாரின் ஓரத்தில், உறைக்கும் சவ்வுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு துணைச் செல்கள் சும்மா கிடக்கும். 1961இல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்ன செல்கள் இவை. நார் சேதமானால் இவைதான் விழித்துப் பெருகி ஒட்டுப்போடுகின்றன. ஒட்டுப்போட்ட இடத்தில் உட்கரு ஓரத்தில் இல்லாமல் நடுவில் கிடக்கும். அதனால்தான் தசைத் துணுக்குப் பரிசோதனையில் நடு உட்கருக்களை எண்ணுகிறார்கள்.

அரை மைக்ரோமீட்டர் கணக்கு

நாருக்குள் சுமார் 1 மைக்ரோமீட்டர் தடிமனில் நுண்ணிழைகள் நெருக்கி அடுக்கியிருக்கும். ஒவ்வொரு நுண்ணிழையும் சார்கோமியர் என்ற பெட்டிகள் வரிசையாகக் கோத்த சங்கிலி. ஒரு பெட்டியின் நீளம் தளர்ந்த நிலையில் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர். பெட்டியின் நடுவில் தடித்த மயோசின் இழைகள், 1.6 மைக்ரோமீட்டர் நீளம். இரு பக்கச் சுவரிலிருந்தும் மெல்லிய ஆக்டின் இழைகள் அவற்றின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு தடித்த இழையைச் சுற்றியும் 6 மெல்லிய இழைகள். மயோசினைச் சுவரோடு கட்டி நடுவில் நிறுத்துவது டைட்டின். நமக்குத் தெரிந்த புரதங்களிலேயே மிகப் பெரியது, 30,000க்கு மேல் அமினோ அமிலங்கள்.

சுருங்கும்போது எந்த இழையும் குறுகுவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைகின்றன, அவ்வளவுதான். இதை 1954 மே மாதம் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சொன்னார்கள். ஒன்று ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும், மற்றது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும். இரண்டு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு எதுவும் கிடையாது. கேட்பவர்கள் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள்.

கணக்கு எளிது. 10 சென்டிமீட்டர் நீளத்தில் 2.5 மைக்ரோமீட்டர் பெட்டிகள் 40,000 வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் அரை மைக்ரோமீட்டர் குறுகினால் மொத்தத்தில் 2 சென்டிமீட்டர். அதை நெம்புகோல் போல எலும்பு பெருக்கிக்கொடுக்கும்போது கை தோள்வரை மடங்கிவிடுகிறது.

மெல்லிய இழையும் தடித்த இழையும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றனவோ அவ்வளவுதான் பலம். அதிகம் இழுத்துவிட்டால் பிடிக்க இழை எட்டாது. அதிகம் குறுகிவிட்டால் நுழைய இடமில்லை. இப்போதே பார்த்துவிடலாம். மணிக்கட்டை உள்பக்கமாக முழுசாக மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடியுங்கள். பிடி பலக்காது, யார் வேண்டுமானாலும் உருவிவிடலாம். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. மணிக்கட்டு மடங்கியதிலேயே அவை குறுகிவிட்டன, மேலே இழுக்க மிச்சமில்லை. போதாததற்கு, புறங்கைப் பக்கத் தசைகள் முழு நீளத்துக்கு நீண்டு எதிர்த்து நிற்கும். மணிக்கட்டைச் சற்றே பின்னால் சாய்த்துப் பிடித்தால் அதே விரல்களின் பிடி அசையாது.

இனி உடும்புப் பிடிக்கு வருவோம். மயோசின் இழையிலிருந்து தலைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒரு தலை ஆக்டினைப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லின் சக்திக் காசான ஏ.டி.பி. (ATP) மூலக்கூறு ஒன்று வந்து தலையில் உட்கார்ந்தால்தான் அது பிடியை விடும். விட்ட பிறகு ஏ.டி.பி. உடைந்து, அந்தச் சக்தியில் தலை பின்னுக்குச் சாய்ந்து நாண் ஏற்றிய வில் போல நிற்கும். அடுத்து ஆக்டினில் கொஞ்சம் முன்னால் ஓர் இடத்தைத் தொடும். பாஸ்பேட் கழன்றதும் தலை முன்னுக்கு வளைந்து ஆக்டினைச் சுமார் 10 நானோமீட்டர் இழுக்கும். கடைசியாக, ஏ.டி.பி. உடைந்து மிஞ்சிய, இரண்டு பாஸ்பேட் கொண்ட துண்டும் (ADP) கழன்றுபோகும்; இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறுவார்கள். தலை ஆக்டினோடு ஒட்டியபடியே அடுத்த ஏ.டி.பி.க்குக் காத்திருக்கும். உயிருள்ள தசையில் அந்தக் காத்திருப்பு கண நேரம். பிணத்தில் அடுத்தது வருவதே இல்லை.

செலவு அதோடு முடியவில்லை. தலைகள் ஆக்டினைத் தொடாதபடி ட்ரோபோமயோசின் என்ற புரதம் குறுக்கே படுத்திருக்கிறது. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் என்ற தூது வேதிப்பொருள் வெளிப்பட்டதும் மின் அலை நாரின் மேல் ஓடி, டி-குழாய்கள் என்ற நுண்குழல்கள் வழியாக உள்ளே இறங்கி, கால்சியம் கிடங்கின் கதவைத் திறக்கும். கால்சியம் ட்ரோபோனின் என்ற இன்னொரு புரதத்தில் ஒட்டும், அது ட்ரோபோமயோசினை நகர்த்தும், வழி திறக்கும். திறப்பதற்குச் செலவில்லை, உள்ளே அடைத்துவைத்தது வெளியே பாய்கிறது. கால்சியத்தைத் திரும்பக் கிடங்குக்குள் அள்ளிப்போடுவதற்குத்தான் பம்ப் ஓட வேண்டும், 2 கால்சியத்துக்கு 1 ஏ.டி.பி. என்ற விலையில்.

கதவு மூடாமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மயக்க மருந்து நிபுணர்கள் எல்லோரும் பயப்படும் ஓர் உதாரணம் உண்டு: மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, அதாவது கொடிய மிகைவெப்பம். சிலருக்குக் கிடங்கின் கதவான ரையனோடின் ஏற்பியில் பிறவிக் குறை இருக்கும். வாழ்நாள் முழுக்க ஒன்றும் தெரியாது. ஹாலோத்தேன், செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுவோ தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலினோ கொடுத்ததும் கதவு திறந்தபடி நின்றுவிடும். தசை இறுகும், பம்ப் வெறிபிடித்தாற்போல் ஓடும், ஏ.டி.பி. கரையும், உடல் கொதிக்கும். 1960இல் மெல்போர்னில் டென்பரோவும் லவலும் ஒரு குடும்பத்தில் மயக்க மருந்தில் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களை வைத்து இதை அடையாளம் கண்டார்கள். நோயின் பெயரிலேயே வெப்பம் இருப்பதால் வெப்பநிலைக்காகக் காத்திருப்பது ஆபத்து. மூச்சில் வெளிவரும் கரியமில வாயு காரணமில்லாமல் ஏறுவதும் தாடை இறுகுவதும்தான் பெரும்பாலும் முந்தி வரும். மருந்து டான்ட்ரோலீன், கிலோவுக்கு 2.5 மில்லிகிராம். பழைய வகைக் குப்பி ஒன்றில் இருப்பது 20 மில்லிகிராம்; ஒவ்வொன்றையும் 60 மில்லி சுத்த நீரில் கரைக்க வேண்டும், லேசில் கரையாது. 70 கிலோ ஆளுக்கு முதல் தவணைக்கே 9 குப்பிகள். மருந்து கலக்குவதற்கென்றே தனியாக இரண்டு மூன்று பேரை நிறுத்த வேண்டும் என்று பயிற்சியில் சொல்வது இதனால்தான்.

வழக்கமான கால் பிடிப்பு இந்தக் கணக்கில் வராது. அது நரம்பு அளவுக்கு மீறிச் சுடுவதால் வருவது. தசையை நீட்டிவிட்டால் அடங்கும். கடினப் பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வதையும் இத்தோடு விட்டுவிடலாம். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். வலியோ 1 முதல் 3 நாட்களில் உச்சம் தொடுகிறது. தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலை, உதாரணமாகப் படி இறங்குவது, நுண்ணிழைகளைப் பிய்த்துவிடுவதால் வரும் வலி அது.

நரம்பு சொன்னபடி நார்

மெதுநார், வேகநார் என்று இரண்டு. நிற்க உதவும் சோலியஸ் தசையில் பெரும்பகுதி மெதுநார். கண் சிமிட்டும் தசையில் பெரும்பகுதி வேகநார். எந்த நார் எந்த வகை என்பதை நாரே முடிவு செய்வதில்லை. 1960இல் புல்லரும், தம்பதியல்லாத இரு எக்கல்ஸ்களும், அதாவது தந்தை ஜான், மகள் ரோசமண்ட், பூனைகளில் மெதுதசையின் நரம்பையும் வேகதசையின் நரம்பையும் மாற்றி இணைத்தார்கள். மெதுதசை வேகமானது, வேகதசை மந்தமானது.

ஒரு நரம்புச் செல்லும் அது ஆளும் நார்களும் சேர்ந்தது ஓர் இயக்க அலகு. கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அலகுக்குப் பத்து நார் அளவுதான். கெண்டைக்கால் தசையில் ஆயிரத்தைத் தாண்டும். நுணுக்கத்துக்கும் முரட்டு பலத்துக்கும் உள்ள வித்தியாசம் இதில்தான். இந்த அலகின் நார்கள் ஒரே இடத்தில் கும்பலாக இல்லாமல் மற்ற அலகுகளோடு கலந்து கிடப்பதால், சாயமேற்றிப் பார்த்தால் சதுரங்கப் பலகை மாதிரி வெளுப்பும் கறுப்பும் விரவித் தெரியும். போலியோவிலோ வேறு நரம்பு நோயிலோ சில நரம்புச் செல்கள் செத்தால், பக்கத்து நரம்பு கிளைவிட்டு அநாதையான நார்களைத் தத்தெடுத்துத் தன் வகைக்கு மாற்றிக்கொள்ளும். பலகை கலைந்து ஒரே நிறத்தில் திட்டுத்திட்டாகிவிடும். திட்டைப் பார்த்தால் நோய் நரம்பில், தசையில் இல்லை என்று சொல்லிவிடலாம்.

இதைப் பார்க்கத் துணுக்கு ஒழுங்காக உறைந்திருக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் நொதிகள் செத்துவிடும். நேராகத் திரவ நைட்ரஜனில் முக்கினாலும் தப்பு: மைனஸ் 196 டிகிரி என்றாலும், துணுக்கைச் சுற்றி ஆவிப் படலம் எழும்பிக் குளிரை உள்ளே விடாது. மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் வளர்ந்து நாரெல்லாம் ஓட்டை. ஐசோபென்டேன் என்ற திரவத்தை நைட்ரஜனில் வைத்துக் குளிரவைத்து, அடியில் வெள்ளையாக உறைய ஆரம்பிக்கும் சமயம் பார்த்து, சுமார் மைனஸ் 160 டிகிரியில், துணுக்கை முக்க வேண்டும். மின் சோதனைக்காக மின்முனை ஊசி குத்திய தசையிலிருந்து துணுக்கு எடுக்கவே கூடாது. ஊசி செய்த காயம் நோய் போலவே தெரியும்.

இதயம்: தளர்ந்தால்தான் நிறையும்

இதயத்தசைச் செல்கள் குட்டையானவை, கிளைத்தவை. பெரும்பாலும் ஒரே உட்கரு, அதுவும் நடுவில். செல்லும் செல்லும் சேரும் இடத்தில் படிக்கட்டு வடிவில் இடைத்தட்டு. அதில் பிய்ந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும் முடிச்சும் உண்டு, மின்னோட்டம் தாண்டிப்போகும் துளையும் உண்டு. செல்லின் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியா.

எலும்புத்தசைக்குக் கிடங்குக் கால்சியமே போதும். இதயத்துக்கு வெளியிலிருந்து கொஞ்சம் கால்சியம் உள்ளே வந்தால்தான் கிடங்கு திறக்கும். இது தெரியவந்தது ஒரு கவனக்குறைவால். ஆங்கில மருத்துவர் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். கரைசலை வாலைநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) செய்ததாக நினைத்திருந்தார். உதவியாளர் பிடித்தது லண்டன் குழாய்த் தண்ணீர். சுத்தமான வாலைநீரில் செய்ததும் இதயம் நின்றுபோயிற்று. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் வேலை செய்தது என்று 1883இல் எழுதினார்.

இதயத்தசை ஒருமுறை தூண்டப்பட்டால் கால் நொடி அளவுக்கு அடுத்த தூண்டலை ஏற்காது. அதனால் கை தசை மாதிரி தொடர்ந்து இறுகி நிற்க அதனால் முடியாது. நிமிடத்துக்கு 70 துடிப்பில் ஒரு சுற்று 0.85 நொடி; அதில் பாதிக்கு மேல் தளர்வு. இடது கீழறைச் சுவருக்கே ரத்தம் முக்கியமாகப் போய்ச் சேருவது அந்தத் தளர்வில்தான். வேகம் ஏறும்போது முதலில் சுருங்குவது தளர்வு நேரம். வயதானவர்களில், நாள்பட்ட ரத்த அழுத்தக்காரர்களில், ஸ்கேனில் ‘நன்றாகப் பம்ப் செய்கிறது’ என்று வந்தும் மூச்சு வாங்குவது உண்டு. இழுப்பதில் குறையில்லை, சுவர் தளர மறுப்பதால் நிறைவதில் குறை.

செத்த இதயச் செல்லுக்கு மாற்று வருவது மிக அபூர்வம். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து 2009இல் கணக்கிட்டார்கள்: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் செல்கள் புதிதாகின்றன, 75 வயதில் அதில் பாதிதான். மாரடைப்பில் போன இடம் தழும்பாகத்தான் ஆறுகிறது.

பிடித்தபடி இருக்கத் தெரிந்த தசை

மென்தசைச் செல் நடு பருத்து முனைகள் கூம்பிய கதிர் வடிவம், 20 முதல் 500 மைக்ரோமீட்டர் நீளம், நடுவில் ஒரு உட்கரு. சார்கோமியர் பெட்டிகள் இல்லை. இழைகள் செல்லுக்குள் குறுக்கும் நெடுக்கும் கட்டியிருக்கும், சுருங்கினால் செல் திருகாணி போல முறுக்கிக்கொள்ளும். நுண்ணோக்கியில் இதையும் தசைநாணையும் குழப்பிக்கொள்ளாத மாணவர் குறைவு. உட்கரு கற்றைக்குள்ளேயே இருந்தால் மென்தசை. கற்றைகளுக்கு நடுவே தட்டையாக நசுங்கிக் கிடந்தால் நாண்.

இங்கே ட்ரோபோனின் கிடையாது. கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து ஒரு நொதியைக் கிளப்பி, மயோசின் தலையில் பாஸ்பேட்டை ஒட்டவைக்கும். தலை ஆக்டினைப் பிடித்த பிறகு அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிட்டால் தலை மிக மெதுவாகத்தான் விடும். ஏறக்குறைய தாழ்ப்பாள் போட்ட மாதிரி. ரத்தக்குழாய்ச் சுவர் ஆயுள் முழுக்கச் சோராமல் இறுக்கத்தைத் தாங்குவது இந்தச் சிக்கனத்தால். அதே காரணத்தால் மென்தசை நோய்களில் பல, விடாத நோய்கள். ஆஸ்துமாவில் மூச்சுக்குழல் விடாது. உணவுக்குழாயின் கீழ்வாய்க்கு ‘விடு’ என்று சொல்லும் நரம்புச் செல்கள் அழிந்தால் சாப்பிட்டது இறங்காமல் மார்பிலேயே நிற்கும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குழாய்த் தசைக்கு இந்த ‘விடு’ என்ற சொல்லைத்தான் கொண்டுபோகிறது. அந்த வாயுவின் வேலையைக் கண்டறிந்ததற்கு 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் மூவருக்கும் நோபல் பரிசு.

விடவே கூடாத ஓர் இடமும் இருக்கிறது. கர்ப்பத்துக்கு முன் 50, 70 கிராம் இருந்த கருப்பை, நிறைமாதத்தில் 1 கிலோவைத் தொடும். அதன் தசைச் செல்கள் பத்து மடங்கு நீளம் வரை வளர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் அதற்குள் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்ததும் அத்தனை குழாய்களின் வாயும் திறந்தபடி நிற்கும். அவற்றை மூடுவது ரத்தம் உறைவதைவிட முதலில் தசைதான்: குழாய்களைச் சுற்றி எட்டு போட்டதுபோல் பின்னியிருக்கும் நார்கள் இறுகி ஒவ்வொரு வாயையும் நெரிக்கின்றன. இறுகாமல் தொய்ந்தால் சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் குழந்தை பிறந்ததுமே தாய்க்கு 10 யூனிட் ஆக்சிடோசின் போடுகிறார்கள். அதன் பிறகும் அடிக்கடி அடிவயிற்றில் கை வைத்து, கருப்பை பந்து போல் கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். கொழகொழவென்று பட்டால் அங்கேயே, அந்தக் கையாலேயே, இறுகும்வரை தேய்த்துவிட வேண்டும்.